செய்தி எதிரொலி

மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் பகுதி நேர நிருபராக இருந்தபோது எனக்குச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. அச்சான செய்தியின் நீளத்துக்கு ஒரு சின்னத் தொகை, பிடித்துக் கொடுக்கும் விளம்பரத்துக்குக் கமிஷன். வீடு ஓடியது கமிஷனில்தான். பொங்கல் வாழ்த்து, தலைவர் பிறந்தநாள், கும்பாபிஷேகம் என்று விளம்பரம் தருகிறவர்கள் சேர்மனும் கவுன்சிலரும் காண்ட்ராக்டரும். எழுத வேண்டியதும் அவர்களைப் பற்றித்தான். நிருபர் என்றால் அடிதடிக்குப் பயப்படுவான் என்று வெளியில் நினைப்பார்கள். 2007 மே 9-ல் மதுரை தினகரன் அலுவலகம் தாக்கப்பட்டு மூன்று ஊழியர்கள் இறந்த ஊர் இது, பயம் இல்லாமல் இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்து பாதிச் செய்திகள் நின்றுபோனது தீபாவளி மலர் விளம்பரத்தை நினைத்துத்தான்.

இன்னொரு தடை, தாள், அதாவது எழுத்தில் உள்ள ஆதாரம். கீழவளவு, கீழையூர்ப் பக்கம் கிரானைட் கல் ஏற்றிய லாரிகள் போனதை ஊரே பார்த்தது. யாருடைய குவாரி, யாருக்கு எவ்வளவு போகிறது என்று டீக்கடையில் கணக்கே போடுவார்கள். எழுதி அனுப்பினால், செய்தியைப் பார்த்துத் திருத்தும் டெஸ்க்கில், "ஆதாரம் இருக்கா?" என்பார்கள். அவர்கள் கேட்டதும் நியாயம்தான். 2012-ல், மதுரை கலெக்டராக இருந்த சகாயம் அரசுக்கு அனுப்பிய அறிக்கை வெளியே வந்தது. சட்டவிரோத கிரானைட் குவாரிகளால் அரசுக்கு இழப்பு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் என்றது அது. அப்புறம்தான் எல்லாப் பத்திரிகையிலும் கிரானைட் முதல் பக்கத்துக்கு வந்தது.

சரி, நாமும் தாளைத் தேடுவோம் என்று தகவல் உரிமைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், ஒரு மனு. எங்கள் ஒன்றியத்தில் ஒரு கண்மாயின் வரத்துக் கால்வாயைத் தூர்வாரியதாக பில் போட்டிருந்தார்கள். பில்லை மட்டும் கேட்டால் ஒன்றும் தெரியாது. எம் புக் எனப்படும் அளவுப் புத்தகத்தின் நகலைக் கேட்க வேண்டும். நீளம், அகலம், ஆழம், அளந்த தேதி, ஓவர்சியர் கையெழுத்து எல்லாம் அதில்தான் இருக்கும். முப்பது நாளில் தர வேண்டிய பதில் மேல்முறையீட்டுக்குப் பிறகுதான் வந்தது. நகலை எடுத்துக்கொண்டு விவசாயி ஒருவரோடு கால்வாய்க்குப் போனேன். ஒரு மீட்டர் ஆழம் வெட்டியதாக எழுதியிருந்த இடத்தில் கருவேலம் ஆள் உயரம் நின்றது.

போட்டோவோடு செய்தி வந்தது. ஒன்றியச் சேர்மன் மிரட்டவில்லை. "ஏண்ணே, போடுறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்று வருத்தமாகத்தான் கேட்டார். அந்தப் பொங்கலுக்கு அவர் விளம்பரம் வரவில்லை. அவரைப் பார்த்து மற்றவர்களும் தரவில்லை.

செய்தி வந்த அடுத்த வாரமே கால்வாயில் ஒரு ஜேசிபி இறங்கி அரை நாள் சுரண்டியது. சேர்மன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து எனக்கே அனுப்பினார். 'செய்தி எதிரொலி' என்று கட்டம் கட்டிப் போட்டார்கள். அந்த அரை நாள் ஜேசிபிக்கும் தனியாக பில் போட்டிருக்கிறார்களா என்று கேட்டு அடுத்த மனுவை எழுதினேன்.