ராக் இசையா, பாப் இசையா என்று சண்டை போடுவது யார்?

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பழைய ராக் இசையின் அருமை தெரியாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. இங்கிலாந்தில் நடந்த 2025 கிளாஸ்டன்பரி இசை விழாவின் கடைசி இரவில், 22 வயது பாப் பாடகி ஒலிவியா ரொட்ரிகோ மேடைக்கு அழைத்தது யாரைத் தெரியுமா? 'தி கியூர்' என்ற பழைய ராக் குழுவின் பாடகர் ராபர்ட் ஸ்மித்தை. 66 வயது, அதே கலைந்த தலைமுடி. அந்தப் பெண் பிறப்பதற்குப் பத்தாண்டுகளுக்கும் முன்பே வெளிவந்த அவருடைய பாடல்கள் இரண்டை இருவரும் சேர்ந்து பாடினார்கள். கூட்டமும் கூடவே பாடியது.

2020இல் ஒருவர் ஸ்கேட்போர்டில் போய்க்கொண்டே, பாட்டிலோடு குருதிநெல்லிச் (கிரான்பெர்ரி) சாற்றைக் குடித்தபடி எடுத்த டிக்டாக் காணொளி, அதில் ஒலித்த, ஃப்ளீட்வுட் மேக் என்ற ராக் குழுவின் 1977ஆம் ஆண்டுப் பாடலை மீண்டும் தரவரிசையில் ஏற்றியது. இளைஞர்களுக்குப் பாடல் பிடித்திருந்தால் போதும், ஆண்டைப் பார்ப்பதில்லை.

ராக்குக்கும் பாப்புக்கும் நடுவே வேலி போடுவது பெரியவர்கள்தான். 1964இல் பீட்டில்ஸ் ராக் குழுவைப் பார்த்துக் கதறி அழுததும் பதின்ம வயதுப் பெண்கள்தானே! அன்று அவர்களைக் கேலி செய்த அதே வாய்தான் இன்று பாப் பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் ரசிகைகளைக் கேலி செய்கிறது. ஃப்ளீட்வுட் மேக்கின் பாடகி ஸ்டீவி நிக்ஸுக்கு அந்த இளக்காரமெல்லாம் கிடையாது. ஸ்விஃப்டின் 2024 ஆல்பத்துக்கு ஒரு கவிதையே எழுதிக் கொடுத்திருக்கிறார்.