பெட்டியின் மேல் ஆண்டைப் போடுங்கள்

ஆளுக்கொரு கதாபாத்திரமாக மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்குத் துணைப்பொருள் விற்பவர்கள் பலர் பெட்டியில் ‘ஐந்தாம் பதிப்புக்குப் பொருந்தும்’ என்று மட்டும் அச்சடிக்கிறார்கள். அது போதாது. 2014-இல் வந்த விதிகளும் ஐந்தாம் பதிப்பு, 2024-இல் திருத்தி வந்தவையும் ஐந்தாம் பதிப்புதான். காயத்தை ஆற்றும் ‘கியூர் வூண்ட்ஸ்’ மந்திரத்துக்கு, அதன் விவரம் அச்சிட்ட 2014 கார்டில் ஒரே ஒரு எட்டுமுகப் பகடை, 2024-இல் இரண்டு. தவறான கார்டு கையில் இருந்தால் சாகக் கிடக்கும் கதாபாத்திரத்துக்குப் பாதி மருந்துதான் போய்ச் சேரும். அதனால் ஆண்டைப் பெரிதாக, பெட்டியின் முன்பக்கத்திலேயே போடுங்கள்.

பகடைக்கு இந்தக் கவலை இல்லை. ஏழு பகடை கொண்ட செட் எல்லோருக்கும் ஆகும். ஐந்தாம் பதிப்பில் இருபதுமுகப் பகடையை அடிக்கடி இரண்டாக உருட்ட வேண்டியிருப்பதால், கூடுதலாக ஒன்று சேர்த்து எட்டாக விற்பது நல்லது. பொம்மைகளை நகர்த்த ஓர் அங்குலக் கட்டம் போட்ட விரிப்பும் அப்படியே. ஆட்டத்தில் ஒரு கட்டம் ஐந்து அடி.

சிக்கல் டிஎம் ஸ்கிரீனில், அதாவது ஆட்டத்தை நடத்துபவர் (டிஎம்) தன் முன் நிறுத்தி வைக்கும், விதிகள் அச்சிட்ட மறைப்பு அட்டையில். களைப்பு விதியை மட்டும் பாருங்கள்: 2014-இல் ஆறு படிக்கும் ஆறு விளைவுகள். 2024-இல் படிக்கு இரண்டு வீதம் உருட்டலில் கழியும், வேகம் ஐந்து அடி வீதம் குறையும். விதியை அட்டையிலேயே அச்சடித்தால் மொத்த ஸ்டாக்கும் தேங்கிவிடும். பை வைத்த ஸ்கிரீன் செய்து, உள்ளே செருகும் தாள்களைப் பதிப்புவாரியாகத் தனியே விற்கலாம். பையை ஏ4 அளவுக்குச் சரியாகத் தைத்துவிடாதீர்கள். அமெரிக்க லெட்டர் தாளின் அகலம் 216 மி.மீ., ஏ4 210தான்; உயரத்தில் ஏ4 297, லெட்டர் 279. பை 218-க்கு 300 இருந்தால் இரண்டும் நுழையும். பளபளக்கும் பிளாஸ்டிக் வேண்டாம், விளக்கு வெளிச்சம் பட்டு எழுத்து தெரியாது. பளபளப்பில்லாத பிளாஸ்டிக்கே சரி.

கதாபாத்திரத்தின் நிலையைக் காட்டப் பொம்மையில் மாட்டும் கண்டிஷன் வளையங்களில் எனக்குப் பிடித்தது சிவப்பு ‘பிளடீட்’ வளையம். உயிர்ப்புள்ளி பாதிக்கு இறங்கியதைக் காட்ட நான்காம் பதிப்பில் இருந்த சொல், 2014-இல் காணாமல் போய், 2024-இல் திரும்பி வந்திருக்கிறது. பழைய வளையத்தை நான்காம் பதிப்பு ஆடுபவர்கள், 2024 விதியில் ஆடுபவர்கள் என இரு தரப்புக்கும் தைரியமாக விற்கலாம். பொம்மையின் 25 மி.மீ. அடித்தட்டுக்கு வளையத்தின் உள்விட்டம் 28 இருக்கட்டும். இறுக்கமாக இருந்தால் கழற்றும்போது பொம்மையும் சேர்ந்து சாயும்.

ஸ்பெல் கார்டுக்கு, அதாவது மந்திரக் கார்டுக்கு, ஆதாரம் எஸ்ஆர்டி: மற்றவர்கள் பயன்படுத்த ஆட்டத்தின் வெளியீட்டாளரே தரும் விதித்தொகுப்பு. அதன் 5.1 வடிவம் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்தது. 2024 விதிகளுக்கு 5.2. எதை எடுத்தாலும், அதில் கொடுத்திருக்கும் நன்றிக்குறிப்பை எழுத்து மாறாமல் அச்சடிக்க வேண்டும். ஆட்டத்தின் லோகோவைத் தொடவே கூடாது. இன்னொன்று, புத்தகத்தில் ‘டாஷாஸ் ஹிடியஸ் லாஃப்டர்’ என்றிருப்பது எஸ்ஆர்டியில் வெறும் ‘ஹிடியஸ் லாஃப்டர்’. வாங்கியவர் டி வரிசையில் தேடுவார், கார்டு எச் வரிசையில் இருக்கும். குறைகிறது என்று பணத்தைத் திருப்பிக் கேட்பார். ‘மந்திரவாதியின் பெயரை விட்டுவிட்டுத் தேடவும்’ என்று முதல் கார்டிலேயே ஒரு வரி போட்டுவிடுங்கள்.

மிச்சமிருக்கும் 2014 கார்டுகள் மேல் புது ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம். ‘2014 விதிகள்’ என்றே எழுதி விலையைக் குறைத்து வையுங்கள். பழைய விதியிலேயே ஆட்டத்தைத் தொடரும் குழுக்கள் வாங்கிக்கொள்ளும்.