பழைய சிறு படகு வாங்கிய ஏழு மாதங்கள்: தட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்

கரையோர மீன்பிடிப்புக்கென ஒரு சிறு படகு வாங்குவதென்று முடிவெடுத்து ஏழு மாதங்கள் கழித்து, கடந்த வாரம்தான் அதன் பதிவுப் புத்தகம் என் பெயரில் கைக்கு வந்து சேர்ந்தது. இதற்கிடையில் ஒரு முன்பணம் திரும்பி வராமலே போனது. வீணாய்ப் போன பயணங்கள் ஐந்து. பதிவு அலுவலகத்தில் காத்திருந்த நாட்களை இதில் சேர்க்கவில்லை. கையிலுள்ள கொஞ்சப் பணத்துக்குள் பழைய படகு தேடுபவர்கள் அதே இடங்களில் இடறிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் தேவை எளியது. நானும் என் மைத்துனரும் மட்டும் பகலில் போய்ப் பகலிலேயே திரும்புவோம். கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தைத் தாண்ட மாட்டோம். தூண்டிலும் சிறிய வலையும்தான் எங்கள் கருவிகள். அதற்கு 14 முதல் 16 அடி நீளமும், டிரெய்லரிலிருந்து இருவரே இறக்கக்கூடிய எடையும், மிதமான 'வி' வடிவ அடியும் போதும். தட்டையான அடி ஆழமில்லாத நீரில் அசையாமல் நிற்கும், ஆனால் அலையில் அறையும்; கூரிய 'வி' அடி அலையைக் கிழித்துக்கொண்டு போகும், ஆனால் நின்று தூண்டில் போடும்போது உருளும். இதை முடிவு செய்ய எங்களுக்கு ஒரு மாலைப்பொழுதுதான் ஆனது. மீதி ஏழு மாதமும் மற்றவற்றுக்குப் போனது.

முதலில் பார்த்த படகு மூன்று மணி நேரப் பயணத் தொலைவில் இருந்தது. புதிதாகச் சாயம் பூசியிருந்தார்கள். எஞ்சின் ஒரே இழுப்பில் இயங்கியது. மைத்துனர் எஞ்சின் மூடியின் மேல் கையை வைத்துப் பார்த்தபோது அது ஏற்கெனவே சூடாக இருந்தது. நாங்கள் வருவதற்குச் சற்று முன்னர்தான் அதை ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். ஆறவிட்டு மறுபடி இயக்கிக் காட்டுங்கள் என்று கேட்டோம். நேரமில்லை என்றார் விற்பவர். இரண்டு மணி நேரம் காத்திருக்கிறோம் என்றோம். அதற்கும் அவர் இணங்கவில்லை. வெறுங்கையோடு திரும்பினோம். அதன்பின் எந்தப் படகைப் பார்க்கப் போனாலும், நாங்கள் வந்து சேரும்வரை எஞ்சினைத் தொட வேண்டாம் என்று முந்தின நாளே தொலைபேசியில் சொல்லிவிடுவதை வழக்கமாக்கிக்கொண்டோம். குளிர்ந்த நிலையில் இயங்க மறுப்பது பழைய எஞ்சின்கள் பலவற்றின் முதல் நோய்க்குறி. சூடான எஞ்சினில் அது தெரியாது.

என் மனத்தை இன்னும் உறுத்துவது இரண்டாவது படகுதான். 16 அடி கண்ணாடியிழைப் படகு. உள்ளே இருக்கைகள், மீன் பெட்டி, மீன் இருப்பிடம் காட்டும் கருவி எல்லாம் இருந்தன. விலையோ நாங்கள் ஒதுக்கியதைவிடக் குறைவு. இன்னொருவரும் கேட்டிருக்கிறார் என்று விற்பவர் சொன்னதும் நான் அவசரப்பட்டு முன்பணத்தைக் கொடுத்துவிட்டேன். ரசீதில் தொகையும் தேதியும் மட்டும் இருந்தன. படகைச் சோதித்துப் பார்த்த பிறகே விற்பனை உறுதியாகும் என்ற ஒரு வரியை எழுதி வாங்க எனக்குத் தோன்றவில்லை.

மறுவாரம், படகு பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனோம். அவர் கொண்டுவந்தது ஒரு சிறிய ரப்பர்ச் சுத்தியலும் கைவிளக்கும் மட்டுமே. அணியத்திலிருந்து தொடங்கி, ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே பின்பக்கம் வந்தார். பக்கச் சுவர்களில் 'டக் டக்' என்று தெளிவாகக் கேட்ட ஒலி, எஞ்சின் மாட்டும் டிரான்சம் பலகைக்கு வந்ததும் ஈரத் துணிமூட்டையைத் தட்டியதுபோல் அமுங்கிவிட்டது. பிறகு எஞ்சினைச் சாய்த்து நிறுத்தி, அதன் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழுமாக அழுத்தச் சொன்னார். நான் அழுத்த அழுத்த, பலகை படகோடு சேரும் மூலைகளில் மயிரிழை விரிசல்கள் திறந்து மூடுவதைக் கண்ணால் பார்த்தேன். மீன் காட்டும் கருவியின் உணரியைப் பொருத்த யாரோ போட்டிருந்த திருகுகளில் ஒன்றைக் கழற்றியதும், துளை வழியே பழுப்புநிற நீர் கசிந்தது.

"தம்பி, மேலே தெரியுறது வெறும் தோல். உள்ளே மரம் செத்துப் போச்சு" என்றார்.

விஷயம் இதுதான். பழைய கண்ணாடியிழைப் படகுகள் பலவற்றில் டிரான்சம் என்பது இரண்டு கண்ணாடியிழைத் தோல்களுக்கு நடுவே வைத்து மூடிய ஒட்டுப்பலகை. திருகுத் துளை, போல்ட் துளை, நீர் வடியும் துளை ஆகியவற்றின் விளிம்புகளைச் சரியாக அடைக்காவிட்டால், அவற்றின் வழியே நீர் மெல்ல நுழைந்து பலகையை உளுக்கச் செய்துவிடும். வெளியிலோ சாயம் பளபளத்துக்கொண்டிருக்கும். எஞ்சினின் எடையையும் உந்துவிசையையும் தாங்க வேண்டிய ஒரே இடம் அதுதான். அதைச் சரிசெய்ய உள்தோலை அறுத்தெடுத்து, உளுத்த மரத்தைச் சுரண்டி, புதிய கடல்தரப் பலகை வைத்து, பிசின் ஊற்றி மீண்டும் மூட வேண்டும். பெரியவர் சொன்ன செலவு அந்தப் படகின் விலையில் பாதியைத் தாண்டியது.

அவர் சொல்லி இன்னொரு சோதனையும் செய்தோம். எஞ்சினைக் கழற்றிவிட்டு, படகை டிரெய்லரோடு எடை மேடையில் ஏற்றினோம். டிரெய்லரின் தகட்டில் பொறித்திருந்த அதன் எடையைக் கழித்துப் பார்த்தபோது, தயாரிப்பாளரின் விவரத் தாளில் உள்ளதைவிடப் படகு 110 கிலோ கூடுதலாக இருந்தது. தளத்துக்கு அடியில் படகை மிதக்க வைப்பதற்காக நிரப்பியிருந்த நுரைப்பொருள் பல ஆண்டுகளாக நீரை உறிஞ்சியிருந்திருக்கிறது. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. அந்தப் படகு நூறு லிட்டருக்கும் மேலான நீரை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தது. படகு கவிழ்ந்தாலோ நீர் நிறைந்தாலோ நம்மைக் காப்பாற்ற வேண்டியதே அந்த நுரைதான் என்பதை நினைத்தபோது, முன்பணம் போன வருத்தத்தையும் மீறி எனக்கு உடல் நடுங்கியது. விற்பவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. எழுத்தில் எதுவும் இல்லாததால் நானும் வாதாட முடியவில்லை.

நடுவில் ஓர் அலுமினியப் படகையும் பார்த்தோம். எடை குறைவு, பாறையில் உரசினாலும் எளிதில் உடையாது என்பதால் மைத்துனருக்கு அதில் விருப்பம் அதிகம். டிரெய்லரில் நிற்கும்போதே நான்கைந்து வாளி நீரை உள்ளே ஊற்றி, அடியில் துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தோம். ஏழெட்டு ஆணிகளின் தலைகளில் நீர் முத்து முத்தாக அரும்பியது. அதைவிட, உட்பள்ளத்தில் கிடந்த ஈயக்குண்டுகளைச் சுற்றி உலோகம் குழிகுழியாக அரித்திருந்தது. உப்புநீர் நனைத்திருக்கும்போது ஈயமோ செம்போ அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். அலுமினியப் படகு வைத்திருப்பவர்கள் தூண்டில் குண்டுகளையும் நாணயங்களையும் உள்ளே உதிரவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் படகும் வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

ஐந்தாவது மாதத்தில் கிடைத்தது இப்போதைய படகு: 15 அடி, திறந்த கண்ணாடியிழைப் படகு, அலங்காரம் எதுவும் இல்லை, பக்கவாட்டில் இரண்டு பெரிய ஒட்டுகள். பெரிய படகுக்கு மாறப்போகிற ஒரு மீனவர் தன் எஞ்சினை மட்டும் வைத்துக்கொண்டு இதை விற்றார். எந்த ஒட்டு எப்போது, எதனால் போட்டது என்று கேட்காமலே சொன்னார். தட்டிப் பார்த்தோம், எடை பார்த்தோம், இருவரும் ஒரே பக்க விளிம்பில் நின்று சாய்வு பார்த்தோம், அவருடைய எஞ்சினிலேயே முக்கால் மணி நேரம் ஓட்டிப் பார்த்தோம். எல்லாம் சரியாக இருந்தது. இந்த முறை ரசீதில் நான்கு நிபந்தனைகளை எழுதி, இரு தரப்பும் கையொப்பமிட்ட பிறகே முன்பணம் கொடுத்தேன்.

எஞ்சினைத் தனியாகத் தேடியதில் மறுபடியும் ஒரு தவறு நேர்ந்தது. 15 குதிரைத்திறன் கொண்ட நல்ல எஞ்சின் ஒன்று கிடைத்தது. அழுத்தச் சோதனையில் இரண்டு சிலிண்டர்களும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டின. பத்து விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால் அந்த எஞ்சினைத் தவிர்ப்பது நல்லது. கியர் ஆயிலும் பால் கலந்த காப்பி நிறத்தில் இல்லாமல் தெளிவாக இருந்ததால், உள்ளே நீர் புகவில்லை என்பதும் உறுதியானது. மகிழ்ச்சியோடு கொண்டுவந்து மாட்டிய பிறகுதான் தெரிந்தது, அது 15 அங்குலத் தண்டுடைய எஞ்சின். எங்கள் டிரான்சமோ 20 அங்குல உயரம். புரொபெல்லருக்கு மேலே கிடைமட்டமாக இருக்கும் தகடு, படகின் அடிமட்டத்துக்கு ஏறக்குறைய நேராக நிற்க வேண்டும். எங்களுடையது ஐந்து அங்குலம் மேலே நின்றது. அப்படியே ஓட்டினால் புரொபெல்லர் காற்றை இழுக்கும். குளிர்விக்கும் நீர் ஏறாமல் எஞ்சின் கருகவும் கூடும். டிரான்சத்தின் மேல்விளிம்பு நடுவிலிருந்து அடிவரை ஒரு நாடாவால் அளந்திருந்தால் தவிர்த்திருக்கலாம். விற்றவர் நல்ல மனிதர். நீண்ட தண்டுள்ள வேறொன்றை மாற்றிக் கொடுத்தார், ஆனால் போய்வர ஒரு முழு நாள் போனது.

பதிவு அலுவலகத்தில் நடந்ததுதான் மிகவும் களைப்பூட்டியது. முதல் நாள், பதிவுப் புத்தகத்தில் உள்ள படகு எண்ணும் பின்பலகையின் வலப்பக்கம் பொறித்துள்ள எண்ணும் ஒத்துப்போகவில்லை என்று எழுத்தர் தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். முன்பு யாரோ பதிவு செய்தபோது பூஜ்யத்தை 'ஓ' என்ற ஆங்கில எழுத்தாக எழுதிவிட்டிருந்தார்கள். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டதற்கு, படகின் படம் கொண்டுவாருங்கள் என்றார். படத்தோடு போனபோது, புத்தகத்தில் இருப்பது எங்களுக்கு விற்றவரின் பெயரே அல்ல, அவருக்கும் முந்தியவரின் பெயர், எனவே அவர் கையொப்பம் வேண்டும் என்றார். இதை முதல் நாளிலேயே சொல்லியிருக்கலாம். புத்தகம் அன்றும் அவர் கையில்தான் இருந்தது. அந்த முந்தைய உரிமையாளர் ஊர் மாறிப் போயிருந்தார். அவரைக் கண்டுபிடித்துக் கையொப்பம் வாங்க ஐந்து வாரங்கள் ஆயின. மூன்றாம் முறை போனபோது, படத்தில் எண் மங்கலாக இருக்கிறது என்றும், படகின் மேல் கடன் நிலுவை இல்லை என்ற சான்று வேண்டும் என்றும் புதிதாகச் சொன்னார்.

அன்றுதான் நான், இன்னும் தேவைப்படும் அனைத்தையும் ஒரே தாளில் எழுதித் தருமாறு விடாமல் கேட்டு வாங்கினேன். எழுதித் தந்த பிறகு அந்தப் பட்டியல் வளரவில்லை. எண்ணுக்கு, பெரியவர் சொன்ன வழியைப் பின்பற்றினேன்: பொறித்த எண்ணின் மேல் மெல்லிய தாளை ஒட்டி, மென்மையான பென்சிலால் சாய்வாக உரசி எடுத்தேன். படத்தில் மங்கலாயிருந்த ஒவ்வோர் இலக்கமும் தாளில் துல்லியமாக விழுந்தது. அடுத்த முறை வேறொரு அலுவலர் இருந்தார். அந்த அம்மையார் உரசல் தாளைப் புத்தகத்தின் அருகே வைத்துப் பார்த்து, பிழையைத் தம் கையாலேயே திருத்தி முத்திரையிட்டார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. படகுக்கு விலை பேசும் முன்னரே, புத்தகத்தில் இருப்பது விற்பவரின் பெயர்தானா என்பதையும், அதிலுள்ள எண்ணையும் படகின் எண்ணையும் ஒவ்வோர் எழுத்தாகவும் சரிபாருங்கள். எஞ்சின் எண்ணையும் அப்படியே பாருங்கள்.

எரிபொருளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 15 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின் முழு வேகத்தில் மணிக்கு ஏறக்குறைய 5 முதல் 6 லிட்டர் குடிக்கும். மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு திரும்புவதற்கு, ஒரு பங்கு தொடாமல் வைத்திருப்பதற்கு என்ற கணக்கை நாங்கள் விடாமல் பின்பற்றுகிறோம். உயிர்காப்பு அங்கிக்கும், ஓட்டுபவர் நீரில் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிற்றுக்கும் பணத்தை முதலிலேயே ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில்தான் படகு தேட வேண்டும். நாங்கள் அதைக் கடைசியில் நினைத்ததால் முதல் பயணம் இரண்டு வாரம் தள்ளிப்போனது.

புத்தகம் கிடைத்த மறுநாள் விடியலில் இறக்கினோம். காற்று இல்லை, மைத்துனருக்கு நான்கு மீன், எனக்கு ஒன்று. கரையேறி டிரெய்லரில் ஏற்றியதும் முதல் வேலையாக வடிதுளையின் அடைப்பானைக் கழற்றி, கீழே ஒரு வாளியை வைத்தேன். ஒரு தம்ளர் அளவு நீர்தான் வந்தது, அதுவும் எங்கள் கால்களோடு ஏறி வந்தது.