தொப்பியின் நிழலும் பாடகரின் கண்களும்: டாம்வொர்த்தில் படமெடுத்துப் பார்த்தது

கிராமிய வாழ்க்கையைக் கிட்டாரோடு கதையாகப் பாடும் கண்ட்ரி இசையைத் திறந்தவெளியில் படமெடுக்க விரும்புகிறவர் லென்ஸைப் பற்றி யோசிப்பதற்கு முன்பு, பாடகரின் தலையில் இருக்கும் அகலத் தொப்பியைப் பற்றி யோசிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் உள்ள டாம்வொர்த் நகரில் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கும் கண்ட்ரி இசைவிழாவுக்குக் கேமராவுடன் போய்வரத் தொடங்கிய பிறகு நான் செய்து பார்த்தவற்றில் பெரும்பகுதி, அந்தத் தொப்பியின் நிழலுக்குள் மறைந்துபோகும் கண்களை எப்படி வெளியே கொண்டுவருவது என்பதைப் பற்றியதே.

சிட்னியிலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் இந்த நகரில் விழா 1973இல் தொடங்கியது. அந்தப் பத்து நாட்களில் நகரின் கடைவீதியான பீல் தெருவில் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, நடைபாதையெங்கும் தெருப்பாடகர்கள் ஒலிபெருக்கியும் மைக்குமாக நின்று பாடுகிறார்கள். ஒருவரை விட்டுச் சில அடிகள் நகர்ந்தால் அடுத்தவரின் பாட்டு காதில் விழத் தொடங்கிவிடும். கட்டணமும் தடுப்பும் இல்லாமல் இவ்வளவு அருகில் நின்று இசைக்கலைஞர்களைப் படமெடுக்கும் வாய்ப்பு வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

ஆனால் ஜனவரி அங்கே நடுக்கோடை. பிற்பகல் 1 மணியளவில் சூரியன் ஏறத்தாழ 78 பாகை உயரத்தில், கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் நிற்கிறது. அந்த நேரத்தில் வெயிலில் நிற்கும் ஒருவருக்கு ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துளையின் அளவு) 5.6, ஷட்டர் வேகம் 1/800 நொடி என்ற அளவு பொருந்துமென்றால், அவருடைய தொப்பி விளிம்பின் கீழே அளந்தபோது எனக்கு மூன்று ஸ்டாப் வரை குறைவாக (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்), அதாவது எட்டில் ஒரு பங்கு வெளிச்சமே கிடைத்தது. முகத்துக்கு ஏற்ப அளவு வைத்தால் வெள்ளைச் சட்டையும் கிட்டாரின் வார்னிஷ் பூச்சும் வெளுத்துவிடுகின்றன. சட்டைக்கு ஏற்ப வைத்து, ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்பு) நிழலை மட்டும் பின்னர் தூக்கினால் இரண்டு ஸ்டாப் வரை தாங்குகிறது, அதற்கு மேல் தோலின் நிறம் சேறுபோலக் கலங்கிவிடுகிறது. ஃப்ளாஷ் வைத்தும் பார்த்தேன். ஃப்ளாஷோடு ஷட்டர் இணைந்து இயங்கும் சாதாரண ஒத்திசைவு வேகம் 1/250 நொடியோடு நின்றுவிடுவதால் துளையை எஃப் 10 அளவுக்குச் சுருக்க வேண்டியிருக்கிறது. உடனே பின்னாலிருக்கும் குப்பைத்தொட்டி, விளம்பரப் பலகை, நடந்துபோகிறவர்கள் எல்லாம் துல்லியமாகப் படத்துக்குள் வந்துவிடுகிறார்கள். அதோடு, கண்ணை மூடி லயித்துப் பாடுகிற ஒருவரின் முகத்தில் கையெட்டும் தூரத்திலிருந்து வெளிச்சத்தை அடிப்பது மரியாதையாகவும் எனக்குத் தோன்றவில்லை. ஆகவே ஃப்ளாஷ் இப்போது பையிலேயே இருக்கிறது.

இடைவேளையில் தொப்பியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாமே என்று தோன்றலாம். கேட்டால் பலர் மறுக்க மாட்டார்கள். ஆனால் படத்தில் இருப்பவர் அப்போது வேறொருவராகிவிடுகிறார். ஆஸ்திரேலியக் கண்ட்ரி இசையில் தொப்பி அலங்காரப் பொருள் அல்ல. அந்த இசையின் மூத்த அடையாளமான பாடகர் ஸ்லிம் டஸ்டியைத் தொப்பி இல்லாமல் நினைத்துப் பார்க்கவே முடியாது. முயல் ரோமத்தால் செய்யப்படும் அகூப்ரா என்ற ஆஸ்திரேலிய அகலத் தொப்பிகள் தயாராகும் கெம்ப்சி ஊர்தான் அவர் 1927இல் பிறந்த ஊரும் என்பது எனக்குப் பிடித்த ஒரு தற்செயல்.

நண்பகல் நேரத்துக்கு விடை கடைகளின் முன்கூரைகளுக்குக் கீழே கிடைத்தது. கூரையின் நிழலில் நிற்கும் பாடகருக்கு மேலிருந்து வெயில் விழுவதில்லை. எதிரே கொளுத்தும் தெருவிலிருந்து பட்டுத் திரும்பும் வெளிச்சம் பக்கவாட்டில், முகத்தின் மட்டத்திலேயே வருகிறது. தொப்பி விளிம்பால் அதைத் தடுக்க முடியாது. கண்மணிக்குள் தெருவின் வெண்மை ஒரு புள்ளியாகத் தெரியும். ஐ.எஸ்.ஓ. 400, எஃப் 4, 1/400 நொடி என்ற அளவிலிருந்து தொடங்கி, கூரையின் ஆழத்துக்கு ஏற்ப ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டிக்கொள்கிறேன். தெருவுக்கு முதுகைக் காட்டி நேர் எதிரே நின்றால் நானே அந்த வெளிச்சத்தை மறைத்துவிடுவேன் என்பதால், சற்று விலகி ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்துகொள்கிறேன். வெண்சமநிலையை (வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை) தானியங்கியில் விடாமல் நிழலுக்குரிய 7000 கெல்வின் அளவில் நிறுத்துவது நல்லது. இல்லையென்றால் ஒரே பாடகரின் முகம் படத்துக்குப் படம் நிறம் மாறும்.

எந்தப் பக்கம் விலகுவது என்பதை மைக்கும் கிட்டாரும் முடிவு செய்கின்றன. வலக்கைப் பழக்கமுள்ளவரின் கிட்டார்க் கழுத்து நமது வலப்புறம் நீண்டிருக்கும். அந்தப் பக்கம் போனால் அது லென்ஸை நோக்கி நீட்டிக்கொண்டு வரும். நமது இடப்புறம் நின்றால் கிட்டாரின் உடல் பெரிதாகவும் கழுத்து பின்வாங்குவதாகவும் அமைந்து, மைக்கும் வாயை விட்டு விலகித் தெரிகிறது. கண்ட்ரி பாட்டு பெரும்பாலும் கதை சொல்லும் சரணங்களும் திரும்பத் திரும்ப வரும் பல்லவியுமாக இருப்பது படமெடுப்பவருக்குப் பெரிய உதவி. முதல் சுற்றில் கேமராவை இறக்கி வைத்துவிட்டு, எந்த வரியின் முடிவில் பாடகர் மைக்கிலிருந்து பின்வாங்குகிறார், எங்கே நிமிர்ந்து பார்க்கிறார் என்று கவனித்தால், அடுத்த சுற்றில் அதே இடத்தில் ஷட்டரை அழுத்தலாம். தாடை உயரும் அந்த நொடியில் தொப்பியின் நிழலும் சேர்ந்து உயர்கிறது.

மாலைக்கு ஒரு சிறு கணக்குப் போட்டேன். தொப்பி விளிம்பு கண்ணை விட ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் முன்னால் நீண்டும் 5 சென்டிமீட்டர் மேலேயும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், சூரியன் சுமார் 30 பாகைக்குக் கீழே இறங்கிய பிறகே எதிர்வெயில் கண்ணைத் தொடும். ஜனவரிக் கடைசியில் டாம்வொர்த்தில் அது மாலை 5.30 மணி வாக்கில் நிகழ்கிறது. சூரியன் மறைய 8 மணி ஆகிறது. ஆக, இரண்டரை மணிநேரம் கைவசம் இருக்கிறது. மேற்கு நோக்கி நின்று பாடுகிறவர்கள் யார் யார் என்பதை நண்பகலிலேயே நடந்து பார்த்து வைத்துக்கொள்கிறேன். கணக்கும் களமும் ஒத்துப்போயின, கறுப்புத் தொப்பிகளைத் தவிர. மணல்நிறத் தொப்பியின் அடிப்பாகம் தரையிலிருந்து வரும் வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பித் தருகிறது. கறுப்புத் தொப்பி அதை விழுங்கிவிடுகிறது.

இரவில், பீல் ஆற்றங்கரைப் பூங்காவின் இலவசக் கச்சேரிகளில் இதே சிக்கல் வேறு வடிவில் வருகிறது. எல்.இ.டி. விளக்குகள் மேலிருந்து செங்குத்தாக விழுவதால் மேடையிலும் நண்பகல்தான். மின்னணு ஷட்டரில் எடுத்தால் விளக்கின் துடிப்பு படத்தில் பட்டை பட்டையாக விழுகிறது என்பதால் இயந்திர ஷட்டருக்கு மாறி, 1/200 நொடி, எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ. 3200 என்ற அளவில் எடுக்கிறேன். நீல, ஊதா விளக்குகளில் நீலம் மட்டும் தனியே நிரம்பி வழிந்துவிடும். பொதுவான ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) அதைக் காட்டாது, மூன்று நிறங்களையும் பிரித்துக் காட்டுவதைப் பார்க்க வேண்டும். கட்டணக் கச்சேரிகளைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. அங்கே அனுமதி பெற்ற படக்காரர்களுக்கே பொதுவாக முதல் மூன்று பாட்டுகள்தான், அதுவும் ஃப்ளாஷ் இல்லாமல்.

தெருப்பாடகர்களிடம் எழுதப்படாத வழக்கம் ஒன்று போதுமானதாக இருக்கிறது: முதலில் பார்வையால் கேட்பது, பிறகு கிட்டார்ப் பெட்டியில் காசு போடுவது, சிறுவர்கள் பாடினால் அருகிலிருக்கும் பெற்றோரிடம் கேட்ட பிறகே கேமராவைத் தூக்குவது. படத்தை அனுப்புகிறேன் என்று சொன்னால் அனுப்பிவிட வேண்டும்.

இதுவரை நான் திருப்தியாக எடுக்காதது பிடில் வாசிப்பவர்களை. 1/500 நொடியில் வில் உறைந்து குச்சியாகிவிடுகிறது. 1/60 நொடியில் வில்லோடு முகமும் கரைகிறது. 1/125 நொடியில் சில படங்கள் நன்றாக வந்திருக்கின்றன. அடுத்த ஜனவரியில் முன்கூரை நிழலில் அந்த வேகத்திலேயே நின்று, வில் திசை மாறும் இடத்தில் மட்டும் அழுத்திப் பார்க்க எண்ணியிருக்கிறேன்.