தேம்ஸ் நாட்குறிப்பு: ஆக்ஸ்ஃபோர்டுல இருந்து லெச்லேட் வரைக்கும் படகுல

மே 10

மதியம் ஆக்ஸ்ஃபோர்டு ஜெரிகோ பக்கத்துல படகை வாங்கிட்டோம். அக்கா, மாமா, நான். நேரோபோட் அகலம் ஏழடிக்கும் கொஞ்சம் கம்மிதான், இந்தக் கால்வாய்ல லாக் (தண்ணி மட்டம் மாறுற இடத்துல படகை ஏத்தி இறக்கற, கதவு போட்ட தொட்டி) எல்லாம் ஏழடிக்குத்தான் கட்டிருக்காங்க, அதுக்குள்ள நுழையணுமேன்னுதான் இப்படி ஒல்லியா நீளமா செய்யறாங்க. உள்ள அடுப்பு, கட்டில், விறகு போடற சின்ன ஸ்டவ் எல்லாமே ஒரே வரிசையில.

ஐசிஸ் லாக் தாண்டி, ஷீப்வாஷ் சேனல்ங்கற வாய்க்கால் வழியா தேம்ஸுக்குள்ள வந்தோம். கால்வாய்ல நின்ன தண்ணி, ஆத்துல ஓடுற தண்ணி, டில்லர், அதான் படகைத் திருப்பற கைப்பிடி, அதைப் பிடிச்ச கைக்கு அந்த வித்தியாசம் உடனே தெரிஞ்சுது. அங்கருந்து வலது பக்கம் திரும்பி, ஓட்டத்துக்கு எதிரா மேல போறோம். இடது பக்கம் கீழ போனா ஆஸ்னி பாலம், அடியில 2.28 மீட்டர் உயரம்தான் இருக்கு, பெரிய க்ரூஸர் எதுவும் அதைத் தாண்டி மேல வர முடியாது. மேல் தேம்ஸ்ல கூட்டமே இல்லாம இருக்கறதுக்கு அந்தக் குட்டைப் பாலம் ஒரு பெரிய காரணம்.

போர்ட் மெடோல மாடும் குதிரையும் ஆத்துல இறங்கி நிக்குது, நாம வர்றோம்னு நகர்றதில்ல. உழவே படாத மேய்ச்சல் நிலம் அது. நல்ல வெயில். சாயங்காலம் காட்ஸ்டோல படகைக் கட்டிட்டோம். கரையில 12ஆம் நூற்றாண்டுல கட்டுன கன்னிமாடத்தோட இடிஞ்ச சுவர் நிக்குது, ரெண்டாம் ஹென்றி ராஜாவோட காதலி ரோசமண்டை இங்கதான் புதைச்சாங்க.

மே 11

காலைல வெயில், டீ போடறதுக்குள்ள தூறல், பத்து மணிக்கு சடசடன்னு ஆலங்கட்டி, அது முடிஞ்ச அஞ்சாவது நிமிஷம் திரும்ப வெயில். மழைக்கோட்டைப் போடறதும் கழட்டறதுமா இருந்தா எங்க டில்லர் பிடிக்கறது, அப்படியே போட்டுக்கிட்டே நின்னேன்.

கிங்ஸ் லாக்ல இருந்து மேல எல்லா லாக்கும் கையாலதான். உள்ள போயி முன்னாடி ஒரு கயிறு பின்னாடி ஒரு கயிறு போட்டு, இன்ஜினை நிறுத்தணும், தேம்ஸ்ல அது கட்டாயம். நிறுத்துனதும் தண்ணி ஏர்ற சத்தம் மட்டும்தான். அப்புறம் அந்த நீள மரக்கையை முதுகைக் குடுத்துத் தள்ளணும், ரெண்டு பக்கமும் தண்ணி சமமாகற வரைக்கும் கதவு அசையாது, சமமாயிட்டா அக்கா ஒருத்தியே தள்ளிடறா.

ஐன்ஷம் லாக் பக்கத்துல ஸ்வின்ஃபோர்ட் பாலம், 1769ல திறந்தது, இன்னைக்கும் மேல போற கார் 5 பென்ஸ் குடுத்துட்டுத்தான் போகுது. 1767ல பார்லிமென்ட் போட்ட சட்டப்படி அந்த வசூலுக்கு வரி கூட கிடையாது. அடியில போற எங்களுக்குக் காசு இல்ல.

மே 12

நாள் முழுக்க சாம்பல் வானம், மழை விடவே இல்ல. பின்க்ஹில், நார்த்மோர் லாக் தாண்டி நியூபிரிட்ஜ். பேர்தான் புதுப்பாலம், வயசு எழுநூறு வருஷத்துக்கு மேல. விண்ட்ரஷ் ஆறு அங்கதான் வந்து சேருது, கலங்கலா வந்துச்சு. ஸ்டவ்வைப் பத்தவச்சு சாக்ஸெல்லாம் காயப்போட்டோம்.

மே 13

ஷிஃபோர்ட் தாண்டி, டாட்போல் பாலம் தாண்டி ரஷி லாக் வந்தா கதவுல மஞ்சள் போர்டு மாட்டிருக்கு. ஆத்துல ஓட்டம் கூடுதுன்னு அர்த்தம், துடுப்புப் படகெல்லாம் இறங்கவே வேண்டாம், இன்ஜின் படகும் பத்திரமான இடமாப் பாத்துக் கட்டிக்கோங்கன்னு சொல்லுவாங்க. அடுத்த கட்டம் சிவப்பு, அது வந்தா எந்தப் படகும் நகர வேண்டாம்னு சொல்லுவாங்க. இங்க இப்ப வெயில் அடிக்குதே, அப்புறம் எப்படின்னு மாமாவுக்கு ஒரே சந்தேகம். நேத்து கோட்ஸ்வோல்ட் குன்றுல பெஞ்ச மழை கோல்ன், லீச் ஆறுங்க வழியா லெச்லேட் பக்கம் இறங்கி இன்னைக்குத்தான் இங்க வந்து சேருது, தலைக்கு மேல இருக்கற வானத்தை வச்சு ஆத்தைக் கணக்குப் போட முடியாது.

"மாப்ள, இன்ஜின்தான் இருக்குல்ல, மெதுவா போயிடலாமே"ன்னாரு. "வேணாம் மாமா, மேல ராட்காட்ல பாலத்து வளைவு குறுகலு, முன்னாடியே ஒரு திருப்பம் வேற, இந்த ஓட்டத்துல படகு குறுக்க திரும்பிடும்"னேன். அக்கா எதுவும் பேசாம முளையை அடிக்கச் சுத்தியல் எடுத்துட்டா.

நின்னதுல ஒரு பெரிய லாபம், ரஷி வியரை, அதான் ஆத்துத் தடுப்பணையை, நிதானமா பாக்க முடிஞ்சுது. இந்தப் பயணத்துல நான் பாக்கணும்னு நினைச்சதே அதைத்தான். ஆத்துக்குக் குறுக்க ஒரு உத்தரம், அதுல இருந்து ஆத்துக்கடியில இருக்கற சட்டம் வரைக்கும் மரக்கம்பங்க செங்குத்தா நிக்கும், அந்தக் கம்பங்க மேல நீளக் கைப்பிடி போட்ட பலகைங்களை ஒண்ணொண்ணா சாய்ச்சு வச்சிருப்பாங்க, தண்ணி அழுத்தமே பலகையைப் பிடிச்சுக்கும். ஆறு ஏறுனா லாக் கீப்பர் நடைபாதையில நின்னு தேவைப்படற பலகையை மட்டும் இழுத்து எடுப்பாரு. மோட்டார் இல்ல, சங்கிலி இல்ல. இன்னைக்கு அவரு எடுத்ததை நின்னு பாத்தோம், ஒவ்வொண்ணும் வெளிய வரும்போது கீழ் பக்கம் இரைச்சல் கொஞ்சம் கூடிச்சு.

லாக் வர்றதுக்கு முன்னாடி படகுங்க போனதே இந்த மாதிரி வியர் வழியாத்தான். பலகையையும் கம்பத்தையும் எடுத்து வழி விடுவாங்க, பாயற தண்ணியோட படகு கீழ போகும், மேல வர்ற படகைக் கயித்தைக் கட்டி, கயித்தைச் சுத்தி இழுக்கற விஞ்ச் போட்டு இழுப்பாங்க. படகு கவுந்து ஆளுங்க செத்ததெல்லாம் உண்டு. ரஷி லாக் 1790ல வந்தப்புறம்தான் இங்க அந்த ஆபத்து தீந்துச்சு. பலகை முறை மட்டும் தேம்ஸ்ல அங்கங்க ஒண்ணு ரெண்டு இடத்துல மிச்சம் இருக்கு. ஆளுக்கு முதுகுவலி தர்ற வேலைதான், இரும்பு மதகு வந்தா அவங்களுக்கு நல்லதுதான், ஆனா ஒண்ணாவது ஓடிக்கிட்டே இருக்கணும், மியூசியத்துல படுக்கப் போட்டா இது எப்படி வேலை செய்யுதுன்னு யாருக்கும் புரியாது.

மே 14

போர்டு இன்னும் மஞ்சள். கரையோரம் நடந்தோம். 1940ல ஜெர்மன்காரன் வந்துருவான்னு கட்டுன கான்கிரீட் பில்பாக்ஸ், உள்ள இருந்து சுடறதுக்கான காவல் அறைங்க, மேல் தேம்ஸ் ஓரமா வரிசையா இருக்கு, இப்ப உள்ள நெட்டில்ங்கற அரிப்புச் செடியும் ஆட்டுப் புழுக்கையும். மாமா மூணாவது டீ கேட்டாரு.

மே 15

காலைல போர்டை எடுத்துட்டாங்க. ராட்காட்ல பழைய பாலம் 1200 வாக்குல கட்டுனது, தேம்ஸ் மேல இருக்கற பாலத்துலயே பழசுன்னு சொல்றாங்க, 1387 டிசம்பர்ல ரெண்டாம் ரிச்சர்ட் ராஜாவோட ஆளு ராபர்ட் டி வேர் சண்டையில தோத்து இங்கதான் ஆத்துல குதிச்சுத் தப்பிச்சான். டிசம்பர் தண்ணி! படகுங்க போறது பக்கத்துல வெட்டுன கால்வாய்ப் பாலம் வழியா. மாமாதான் டில்லர், சுவத்துல ஒரு உரசல் கூட இல்லாம கொண்டுபோனாரு.

கிராஃப்டன் தாண்டி கெல்ம்ஸ்காட்ல கட்டினோம். வால்பேப்பர் டிசைன் போட்ட வில்லியம் மாரிஸ் 1871ல இருந்து சாகற வரைக்கும் வாடகைக்கு வச்சிருந்த வீடு இங்க. அவரோட வால்பேப்பர்ல இருக்கற வில்லோ இலை இந்தக் கரையெல்லாம் நிக்குது, எல்லாம் தலை வெட்டிவிட்ட மரங்க, கொத்துக்கொத்தா புதுக்கிளை விட்டிருக்கு. மூணு தடவை மழை, மூணு தடவை வெயில், நடுவுல ஒரு வானவில்.

மே 16

பஸ்காட், அப்புறம் செயின்ட் ஜான்ஸ், தேம்ஸோட கடைசி லாக். அங்க மண்வெட்டியோட சாஞ்சு கிடக்கற தாத்தா சிலை, ஃபாதர் தேம்ஸ், 1854ல லண்டன்ல இருந்த கிரிஸ்டல் பேலஸ்ங்கற கண்ணாடி மாளிகைக்காக செஞ்சது, 1974ல இங்க கொண்டு வந்தாங்க. லெச்லேட்ல 1792ல கட்டுன ஹாபென்னி பாலத்துக்கு மேல, ஆறு விரியற இடத்துல படகைத் திருப்பினோம். முன்மூக்கை நடு ஓட்டத்துக்குள்ள மெல்ல நீட்டினா போதும், ஓட்டமே அதைக் கீழ் பக்கமா சுத்திக் கொண்டு வந்துடுது.

நாளைக்குக் கீழ் நோக்கி. ஓட்டத்தோட போறப்ப நிறுத்த அதிக தூரம் வேணும், லாக்ல இறங்கும்போது படகோட வால் பின் கதவடியில இருக்கற சில்ங்கற படி மேல உக்காந்துடாம முன்னாடியே தள்ளி நிக்கணும். அதை அக்கா பாத்துக்கறேன்னுட்டா. வெள்ளிக்கிழமை திரும்ப மழையாம், அதுக்குள்ள ரஷியைத் தாண்டிடணும்.