ஐந்து தண்ணீர் பாட்டில்

போன வருடம் ஜூனுக்கும் தீபாவளிக்கும் நடுவில் சின்னவள் ஐந்து தண்ணீர் பாட்டில் தொலைத்தாள். ஐந்தாவதுக்கு அடித்துவிட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாலாம் வகுப்பு படிக்கிறாள், படு சாது. பெரியவன் அப்படியில்லை, கேட் ஏறிக் குதித்து இரண்டு முறை கையை உடைத்துக்கொண்டவன். ஏடிஎச்டி (கவனக்குறைவு, அதீதத் துறுதுறுப்புக் கோளாறு) என்று யாராவது சொல்லியிருந்தால் அவனைத்தான் நினைத்திருப்பேன். இவளைப் பற்றிப் பள்ளியில் எப்போதும் ஒரே பேச்சு: "தங்கமான பிள்ளைங்க, இருக்கிற இடமே தெரியாது." யாருக்கும் தொந்தரவு இல்லை என்பதால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நானும்தான்.

காலையில் வேன் 7.50க்கு வரும். 7.20க்கு சாக்ஸைக் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போவேன். திரும்பி வந்தால் ஒன்று காலில், இன்னொன்று கையில், கண் ஜன்னல் கம்பியில் போகிற எறும்பு மேல். கத்தினால் "சாரிம்மா" என்பாள். மனதாரத்தான் சொல்வாள். இரண்டு நிமிடத்தில் மறுபடி எறும்பு. கணக்கு நோட்டில் மூன்று கூட்டல் சரியாக இருக்கும், நாலாவது கழித்தல், அதையும் கூட்டி வைத்திருப்பாள். வாயால் கேட்டால் எல்லாம் வரும்.

திருச்சியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரு நாள் ஒரு அம்மா ஒரு கேள்வித்தாளை நகல் எடுக்க வந்தார். மற்றவர் தாளைப் படிக்கக் கூடாதுதான், ஆனால் கண்ணாடியில் கவிழ்த்து வைக்கும்போது சில வரிகள் கண்ணில் பட்டுவிட்டன. தேவையான பொருட்களைத் தொலைக்கும், நேரே பேசினாலும் கேட்காதது போல இருக்கும், தொடங்கியதை முடிக்காது. காசு வாங்கும்போது கூச்சத்தை விட்டு, எந்த டாக்டர் என்று கேட்டுவிட்டேன்.

ஸ்கேன் எடுப்பார்கள், மூளைக்குள் ஏதாவது காட்டுவார்கள் என்று நினைத்துப் போனேன். இதைக் கண்டுபிடிக்க ஸ்கேனும் இல்லை, ரத்தப் பரிசோதனையும் இல்லை என்றார் டாக்டர். பார்க்க வேண்டியது வேறு: இதே மாதிரி தெரிகிற மற்றவை. போர்டு தெரிகிறதா, காது கேட்கிறதா, ராத்திரி குறட்டை விடுகிறாளா, வாயால் மூச்சு விடுகிறாளா (மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்து தூக்கம் கெட்டாலும் பகலில் பிள்ளை இப்படித்தான் இருக்குமாம்). இரும்புச்சத்தும் தைராய்டும் பார்க்க ரத்தம் எடுத்தார்கள். ஒரு பக்கம் சத்தமாக வாசிக்கச் சொன்னார், எழுத்துக் கூட்டுவதில் சிரமம் இருந்தாலும் பிள்ளை வகுப்பில் கழன்றுகொள்ளும் என்பதற்காக. வீட்டில் யாருக்குள்ளாவது சண்டையா என்றும் கேட்டார். கோபம் வந்தது, ஆனால் கேட்க வேண்டிய கேள்விதான்.

அப்புறம் ஒரு காகிதக் காற்றாடியைக் கொடுத்து, நிறுத்தாமல் ஊதச் சொன்னார். மூன்று நிமிடம். அப்படியே சில நொடி வெறித்துப் பார்த்து நின்றுவிடுகிற ஒரு வகை வலிப்பு உண்டாம். வேகமாக மூச்சு விட்டால் பல பிள்ளைகளுக்கு அது அங்கேயே வந்துவிடும். இவளுக்கு வரவில்லை. இரண்டாவது நிமிடத்தில் ஊதுவதை நிறுத்திவிட்டு, "சுத்தும்போது மட்டும் ஏன் கலர் எல்லாம் ஒண்ணாயிடுது?" என்று கேட்டாள். டாக்டர் சிரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஊதச் சொன்னார்.

வாண்டர்பில்ட் என்கிற அந்தக் கேள்வித்தாளில் பெற்றோருக்கு 55 கேள்வி, ஆசிரியருக்கு 43. இரண்டிலும் முதல் ஒன்பது கவனத்தைப் பற்றியவை, அடுத்த ஒன்பது துறுதுறுப்பைப் பற்றியவை. இந்தப் பதினெட்டில் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, 2ம் 3ம் மட்டும்தான் கணக்கு. நான் போட்டதில் ஒன்பதுக்கு எட்டு, துறுதுறுப்பில் ஒன்றே ஒன்று. வகுப்பு மிஸ் ஏழு. தமிழ் அம்மா மூன்று. எங்கள் வீட்டுக்காரர் தனியாகப் போட்டதில் நாலு. "டிவி முன்னால ரெண்டு மணி நேரம் அசையாம உட்கார்றா, இவளுக்கா கவனம் இல்ல?" என்பது அவர் கட்சி.

டாக்டர் யார் சொன்னதையும் தள்ளவில்லை. தமிழ் வகுப்பு காலை முதல் பீரியட், பாதி நேரம் கதை. வகுப்பு மிஸ் பார்ப்பது சாப்பாட்டுக்குப் பிறகு வரும் கணக்குப் பீரியட். அவளிடம் கவனம் இல்லாமல் இல்லை, சலிப்பான வேலையில் அதைப் பிடித்து நிறுத்துவதுதான் வரவில்லை என்றார். ஏடிஎச்டி என்று சொல்ல ஒன்பதில் குறைந்தது ஆறு இருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், வீடு பள்ளி என்று இரண்டு இடத்திலாவது இருக்க வேண்டும், அதனால் பிள்ளையின் அன்றாடம் கெட வேண்டும். தாளில் உள்ள எண் மட்டும் போதாது. ஒன்றாம் வகுப்பிலிருந்து உள்ள ரேங்க் கார்டுகளை வாங்கிப் பார்த்தார். எல்லாவற்றிலும் வேறு வேறு கையெழுத்தில் ஒரே வரி: கெட்டிக்காரி, கவனம் போதாது. மூன்று வருடமும் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டவள் நான்.

ஏடிஎச்டிதான், கவனம் சிதறுகிற வகை. முன்பு ஏடிடி என்பார்களாம். மாத்திரை உண்டு என்று டாக்டர் விளக்கினார், நாங்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். மாமியார் வல்லாரை வாங்கி வைத்திருக்கிறார், துவையலுக்கு நல்லது. இப்போதைக்கு முதல் பெஞ்ச். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்வது. சாக்ஸ் போடும்போது பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பது, தோசை கருகினாலும் சரி.

ஜூனில் புது வகுப்பு, புது மிஸ். ஆசிரியர் தாளில் இரண்டு நகல் எடுத்துக் கடை டிராயரில் வைத்திருக்கிறேன்.