வள்ளி கேட்ட தாலிப்பிச்சை

செட்டியார் தெருக் கதிரேசன் கோவில்களிலிருந்து பம்பலப்பிட்டிக்கு ஆடிவேல் விழா இரதம் வரும் நாட்களில், கொழும்பில் எங்கள் வீட்டுப் பேச்சு எப்படியும் தென்னிலங்கையின் முருகன் தலமான கதிர்காமத்துக்குப் போய்விடும். அங்கே மூலத்தானத்தில் கண்ணுக்குத் தெரியும் சிலை இல்லை. வள்ளி தெய்வானையோடு முருகன் நிற்கும் ஓவியத் திரையைக் கும்பிட்டுத் திரும்புகிறோம். அதற்கு அப்பால், பேழைக்குள் இருப்பது அறுகோண யந்திரத் தகடு என்பார்கள்.

நெற்றிக்கண்ணில் பிறந்த ஆறு பொறிகள், சரவணப் பொய்கை, கார்த்திகைப் பெண்கள், மாமரமாக நின்ற சூரனைப் பிளந்த வேல் என்று கச்சியப்பர் கந்தபுராணத்தில் பாடிய வரலாறு எல்லா முருகன் கோவில்களுக்கும் பொது. கதிர்காமத்துக்கே உரியது கல்யாணகிரி முனிவரின் கதை. முருகனை மீண்டும் பாரதத்துக்கு அழைத்துச் செல்வதற்காக வடநாட்டிலிருந்து வந்த அவர் பன்னிரண்டு ஆண்டுகள் தவமிருந்தார். அந்தக் காலமெல்லாம் ஒரு வேடச் சிறுவனும் சிறுமியும் அவருக்குப் பணிவிடை செய்தார்கள். ஒருநாள் களைத்துக் கண்ணயர்ந்தவரைச் சிறுவன் தட்டி எழுப்பிவிட்டு ஓட, கோபத்தோடு துரத்திய முனிவர் மாணிக்க கங்கையின் நடுத்திட்டில் அவனைப் பிடிக்கப்போன கணத்தில், சிறுவன் முருகனாகவும் சிறுமி வள்ளியாகவும் காட்சி கொடுத்தார்கள். முனிவர் வந்த காரியத்தைச் சொல்ல வாயெடுக்குமுன், கணவனைத் தன்னிடமிருந்து பிரிக்க வேண்டாமென்று வள்ளி அவரிடம் தாலிப்பிச்சை கேட்டுவிட்டாள். கேட்டவள் வள்ளி, மறுப்பதற்கு வழி ஏது? அவரும் ஊர் திரும்பாமல், முருகனின் ஆற்றலை யந்திரத்தில் நிறுத்தி, அங்கேயே தங்கிவிட்டார். தெய்வானையம்மன் கோவிலை ஒட்டியுள்ள முத்துலிங்கசுவாமி சந்நிதி அவருடையதுதான் என்பது அடியார்கள் நம்பிக்கை.

என் கணிப்பில், கதிர்காமத்து வழிபாட்டு முறையைச் சூரசங்காரத்தைவிட இந்தக் கதையே நன்றாக விளக்குகிறது. விழாக்காலத்தில் கப்புறாளைமார் எனப்படும் கோவில் பூசகர்கள் பேழையை யானைமேல் ஏற்றிக் கொண்டுபோவது, முறைப்படி மணந்த தெய்வானையின் கோவில் பக்கத்திலேயே இருக்க, வீதியின் மறுகோடியிலுள்ள வள்ளியம்மன் கோவிலுக்குத்தான். (மூத்தவளுக்கு இது அடுக்குமா என்று எங்கள் வீட்டுப் பெண்கள் ஆண்டுதோறும் கேட்பதுண்டு.) வேடர்களும் வள்ளியைத் தம் குலமகளாகவும் முருகனை வீட்டுக்கு வந்த மருமகனாகவும் கொண்டாடுகிறார்கள்.

கந்தபுராணம் சொல்லும் வள்ளிமலை தமிழ்நாட்டில், வேலூருக்கு அருகே இருப்பதாகவே அங்குள்ளவர்கள் கொள்வார்கள். நாங்களோ கதிர்காமத்துக்கு அருகிலுள்ள செல்லக்கதிர்காமத்தைக் காட்டி, பிள்ளையார் யானையாக வந்து வள்ளியை வெருட்டியது இந்தக் காட்டில்தான் என்று சாதிப்போம். வழக்கு இன்னும் தீரவில்லை. விட்டுக்கொடுக்க எனக்கும் மனமில்லை.